வெள்ளிக்கிழமை முத்து யாருக்கு? காயல் கரையின் ஷிப்ட் கணக்கு

செல்போன் டவர் பழுது பார்ப்பவர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர்... இவர்களை வேலைக்கு அனுப்பும் ஆபீசில் தினமும் ஒரே கேள்விதான். இன்றைக்கு யார் வருவார், யார் லீவு, யாரை எங்கே அனுப்புவது? நான்கு சுவருக்குள் நடக்கும் வேலை என்றால் தலையை எண்ணிவிடலாம். கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கும் வேலை என்றால்? கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த தலைவலி போல மேனேஜ்மெண்ட் புத்தகங்கள் இதைப் பேசுகின்றன. ஆனால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய காயல் கரையில் இதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக் கதை இருக்கிறது. முத்துக்குளித்தல் என்று அதற்குப் பெயர்.

முதலில் தொழிலின் சிக்கலைப் பார்ப்போம். முத்துச் சிப்பி எல்லா வருடமும் விளையாது. கடலடியில் சிப்பி விளையும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். பல வருடங்கள் பார் வெறுமையாகவே கிடக்கும். விளைந்த வருடத்திலும் கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை வாக்கில் சில வாரங்கள்தான் வேலை. அந்தச் சில வாரங்களுக்கு நூற்றுக்கணக்கில் படகுகளும் ஆயிரக்கணக்கில் ஆட்களும் ஒரே கரையில் வந்து கூட வேண்டும். இந்தக் கூட்டம்தான் சலாபம். மற்ற நாட்களில் இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பார் யாரும் இல்லை. ஆனால் கூப்பிட்ட நாளில் வந்து நிற்க வேண்டும். வருவார்களா?

பழைய பாண்டிய நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கைப் பகுதி முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கியதாகச் சொல்கிறது. கைதிக்கு லீவும் கிடையாது, கூலிப் பேச்சும் கிடையாது! இதைவிடச் சுலபமான ஷிப்ட் அட்டவணை இருக்க முடியாது. இதைவிடக் கொடூரமானதும் இருக்க முடியாது.

அடுத்து 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ. அவர் 'காயில்' என்று எழுதிய பெரிய துறைமுகம் பழையகாயல்தான் என்று கால்டுவெல் ஆராய்ந்து சொன்னார். இல்லை, காயல்பட்டினம் தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். போலோ காலத்தில் வியாபாரிகள் கூட்டாகச் சேர்ந்து, ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு ஏப்ரலிலிருந்து மே நடுப்பகுதி வரை கடலுக்குப் போனார்கள். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா கடிக்காமல் மந்திரம் போடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும், இரவானால் அவரே அதை அவிழ்த்துவிடுவார் என்றும் போலோ எழுதுகிறார். காரணம் எதுவோ, பலன் ஒன்றுதான்: நைட் ஷிப்ட் கிடையாது.

இந்தக் கதையில் மிகச் சுவையான இடம் இனிமேல்தான் வருகிறது. 1516 வாக்கில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் காயலைப் பற்றி எழுதினார். அங்கே முத்து வரியைக் குத்தகைக்கு எடுத்த ஒரு பெரும் பணக்கார முஸ்லிம் இருந்தார். முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்தார், அரசன் குறுக்கே வரவில்லை. குளிப்பவர்கள் வாரம் முழுவதும் எடுப்பது அவர்களுக்கே சொந்தம். வெள்ளிக்கிழமை எடுப்பது மட்டும் படகுக்காரருக்கு. சலாபம் முடியும்போது ஒரு முழு வாரம் அந்தக் குத்தகைக்காரருக்கு.

சம்பளம் இல்லை, வாடகை ரசீது இல்லை, எல்லாமே நாட்களால் அளந்த கணக்கு! இன்றைய பாஷையில் ரோஸ்டர்தான் கணக்குப் புத்தகம். உதாரணமாக ஆறு வாரச் சலாபம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42 நாள். கடைசி 7 நாள் குத்தகைக்காரருக்கு. மீதி ஐந்து வாரத்தில் 5 வெள்ளிக்கிழமைகள் படகுக்கு. மிச்சம் 30 நாள் குளிப்பவருக்கு, அதாவது நூற்றுக்கு 71 பங்கு. காற்று, மழை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இதையெல்லாம் கழித்தால் கையில் நின்றது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது. எந்த நாள் யாருக்கு உழைக்கிறோம் என்று கடலில் இறங்குபவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வந்த பிறகு கணக்கு நாளிலிருந்து 'கல்'லுக்கு மாறியது. குளியாளி சீக்கிரம் அடியில் போய்ச் சேர ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். ஒரு கல் என்றால் கடலில் ஓர் இடம், அதற்கு ஒரு வரி. மதுரை நாயக்கருக்கும் ராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன.

ஆங்கிலேயர் காலத்து முறையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஒரு படகில் பத்து குளியாளிகள், ஐந்து கல். ஒருவர் இறங்கினால் ஜோடிக்காரர் மேலே கயிற்றைப் பார்த்துக்கொள்வார். களைத்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். ஒரு முழுக்கு ஏறக்குறைய 50 முதல் 80 விநாடி. படகுகளைச் சிவப்பு, நீலம் என்று அறுபது எழுபதாகப் பிரித்து, ஒரு நாள் ஒன்று மறுநாள் மற்றொன்று என்று முறை வைத்தார்கள். நள்ளிரவில் நிலக்காற்றில் பாய் விரித்தால் விடியும்போது பாரில் இருக்கலாம். ஒரு வெடி வெடித்தால் வேலை ஆரம்பம், நண்பகலில் இன்னொரு வெடி வெடித்தால் முடிவு. அப்போது எழும் கடல்காற்று படகைக் கரைக்குத் தள்ளிவிடும். பஞ்சிங் மெஷினுக்குப் பதில் பீரங்கி, அவ்வளவுதான்!

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஆள் கணக்கு இடித்தது. இலங்கைச் சலாபத்தைப் பார்த்து 1803-இல் புத்தகம் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் இதைப் புலம்பலாகவே எழுதியிருக்கிறார். குத்தகை ஆறு வாரம், அதிகம் போனால் இரண்டு மாதம். ஆனால் உண்மையில் குளிக்கும் நாள் முப்பதைத் தாண்டுவதில்லை. புயல் ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், பல மதத்துக் குளியாளிகளின் பலவகை விடுமுறை நாட்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் 1530-களிலேயே கத்தோலிக்கர் ஆனவர்கள். கீழக்கரை, காயல் பக்கம் முஸ்லிம்கள். இந்துக்களும் உண்டு. ஞாயிறு, வெள்ளி, திருவிழா, பெருநாள் எல்லாம் சேர்ந்தால் எந்தக் குத்தகைக்காரருக்கும் தலை சுற்றும்தான்.

அதோடு கடல்கட்டி. போலோ பார்த்த மந்திரக்காரர் ஐந்நூறு வருடம் கழித்தும் இருந்தார், அதுவும் அரசாங்கச் செலவில். அவர் இல்லாமல் குளியாளிகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பணியில் இருந்த ஒருவர் கத்தோலிக்கர் என்று ஆங்கிலேயர் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதிகாரிகளுக்கு இது மூடநம்பிக்கை. குளியாளி பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. சுறா இருக்கும் கடலில், காதிலும் மூக்கிலும் ரத்தம் வர, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முறை இறங்குபவனுக்கு, இன்று வேண்டாம் என்று சொல்ல யாராவது ஒருவர் வேண்டாமா? விடுமுறையும் கடல்கட்டியும் அவன் கையில் மிஞ்சியிருந்த இரண்டு உரிமைகள்.

கூலி மட்டும் பார்போசா காலம் போல இல்லை. இலங்கையில் ஒரு காலத்தில் குளியாளிகளுக்குச் சிப்பியில் நாலில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கு. அதிலும் படகுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். கரையில் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் குளியாளிகளே சிப்பியை மூன்று சமக் குவியலாகப் பிரிக்க, அதிகாரி இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். பிரிப்பவன் ஏமாற்ற முடியாத நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அதிகாரி கேட்டது இரண்டு குவியல் அல்லவா!

1905-இல் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 300-க்கும் மேற்பட்ட படகுகள் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை எடுத்தன. அரபு நாட்டுக் குளியாளிகளும் வந்து கீழக்கரைக்காரர்களோடு போட்டி போட்டார்கள். அதைப் பார்த்து 1906-இல் ஒரு லண்டன் கம்பெனி வருடம் 3,10,000 ரூபாய்க்கு 20 வருடக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பாரில் சிப்பியே இல்லை! ஆளை வரவழைக்க எல்லா வழியும் தெரிந்திருந்தது, சிப்பியை வரவழைக்க ஒரு வழியும் தெரியவில்லை. கம்பெனி மூழ்கியது.

தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை சென்னை மாநில அரசு தொடர்ந்து சலாபம் நடத்தியது. 1961-தான் கடைசி. 1973-இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். குளியாளிகள் சங்கு எடுக்கப் போய்விட்டார்கள். கடலும் அதே கடல், மூச்சும் அதே மூச்சு. வெடிச் சத்தம் மட்டும் இல்லை.