தாங்குவோரையும் தாங்குவோம்

ஏலத்தோட்டத்தில் ஈட்டிய கூலி, மலையிறங்கியதும் மதுவில் கரையும் துயரை நாம் அறிவோம். அக்குடும்பங்களைத் தேடிச் செல்லும் தொண்டர்களும் தளர்வதுண்டு.

நியூயார்க்கில், போதைக்கு ஆட்பட்ட இளைஞர் நாடிய இலவச மருத்துவமனையில், பகலெல்லாம் தம் தொழிலைச் செய்துவிட்டு இரவிலும் உழைத்த உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் தாமே சோர்ந்து விழுந்தார். உடன் உழைத்தோரிடமும் அதையே கண்டு 1974-இல் எழுதினார். வேலை நேரத்தைக் குறைத்தல், முறைவைத்துப் பணியாற்றல், ஒருவரையொருவர் தாங்குதல் ஆகியவையே மருந்து என்றார்.

சென்னையில், கணவரைக் குடியால் இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய நிறுவனம் நோயாளியோடு குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்தது. பாரம் ஒரே தோளில் நிற்கவில்லை.

ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராகவே அனுப்பினார். திரும்பியவர்களைத் தனிமையான இடத்தில் இளைப்பாற அழைத்தார். நாமும் நம் அன்பியங்களிலிருந்து எவரையும் இப்பணிக்குத் தனியே அனுப்பாதிருப்போம். சென்று வந்தவரின் மனச்சுமையைக் கேட்க ஒரு மாலைப்பொழுதேனும் ஒதுக்குவோம்.