இனிகோ கால்தெரோன்

ஸ்பெயினின் விட்டோரியாவில் 1982இல் பிறந்த வலப்புறத் தடுப்பாட்டக்காரர். அலவேஸ் அணியில் ஆடியபின் 2010இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் சேர்ந்து, 2010–11இல் மூன்றாம் அடுக்கான லீக் ஒன் பட்டத்தை வென்றார். சைப்ரஸில் ஒரு பருவம் ஆடிவிட்டு, 35 வயதில் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கம்தான் அவ்வணியின் சொந்தத் திடல்.

வயதேறிய அயல்நாட்டாருக்கு இந்தியன் சூப்பர் லீக் வெறும் ஓய்விடம் என்ற குற்றச்சாட்டு அவருக்குப் பொருந்தாது. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3–2 என வீழ்த்திக் கோப்பை வென்ற அணியில் அவர் இருந்தார். அடுத்த பருவத்தில் சென்னை கடைசி இடத்துக்குச் சரிந்ததே என்று கேட்கலாம். அச்சரிவு மொத்த அணியுடையது. அதை ஒரு தடுப்பாட்டக்காரரின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. பின்னர் பயிற்சியாளரான அவர், 2024 டிசம்பரில் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார்.