குமரியில இருந்து கோவா வரை நடந்தவங்க

இன்னைக்கு ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். நவம்பர் 1. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் படிச்சவங்களுக்கு அது ஸ்கூல் லீவு நாள். 1956-ல அந்த நாள்லதான் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிஞ்சு சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. இந்தக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அதே நவம்பர் 1-ல, 31 வருஷம் கழிச்சு நடந்த இன்னொரு விஷயம் ரொம்பப் பேருக்குத் தெரியாது. 1987-ல கன்னியாகுமரியில இருந்து ஒரு கூட்டம் வடக்கே பாத்து நடக்க ஆரம்பிச்சது. அதே நேரத்துல மகாராஷ்டிராவோட வட கோடியில, குஜராத் எல்லைக்குப் பக்கத்துல இருக்கிற நவாப்பூர்ல இருந்து இன்னொரு கூட்டம் தெற்கே பாத்துக் கிளம்புச்சு. மூணு மாசம் நடை. 1988 பிப்ரவரியில ரெண்டு கூட்டமும் கோவாவுல சந்திச்சாங்க. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பாத்துறதுக்கான நடைப்பயணம் அது.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. கையில போன் கிடையாது. வீட்டுல உக்காந்து சாட்டிலைட் படத்தைப் பெருசாக்கி எந்த மலையில எவ்வளவு பச்சை போச்சுன்னு பாக்க முடியாது. காடு எப்படி இருக்குன்னு தெரியணுமா, நடந்து போய்ப் பாக்கணும். அமைதிப் பள்ளத்தாக்குல அணை கட்டுற திட்டத்தை மக்கள் எதிர்ப்பு நிறுத்தி, 1984-ல அது தேசியப் பூங்கா ஆகி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கர்நாடகத்துல 1983-ல மரத்தைக் கட்டிப்பிடிச்சுக் காப்பாத்துற அப்பிக்கோ இயக்கம் தொடங்கியிருந்தது. தனித்தனியா நடந்துக்கிட்டிருந்த இந்தப் போராட்டங்களை எல்லாம் ஒரே மலையோட கதையா மாத்தினது 1987 நடைதான். கேரளாக்காரன் ஒரு அணையைப் பாப்பான், கோவாக்காரன் ஒரு சுரங்கத்தைப் பாப்பான். தபதி ஆத்துல இருந்து குமரி வரைக்கும் இது ஒரே தொடர்னு உடம்பால தெரிஞ்சுக்கணும்னா இப்படி நடந்தாத்தான் உண்டு.

அந்த நடை அதோட முடியல. அதுல உருவான தொடர்புகள் 'மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்போம்' இயக்கமா தொடர்ந்துச்சு. 2010 பிப்ரவரியில கோத்தகிரியில அவங்க கூட்டம் நடந்தப்போ அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்தார். அடுத்த மாசமே மாதவ் காட்கில் தலைமையில நிபுணர் குழு. 2011-ல அறிக்கை. அது ரொம்பக் கடுமையா இருக்குன்னு சொல்லி கஸ்தூரிரங்கன் தலைமையில இன்னொரு குழு. 2013-ல அவங்க, தொடர்ச்சியோட பரப்புல 37 சதவீதத்தை மட்டும் பாதுகாத்தாப் போதும்னு சொன்னாங்க. அதுக்கான வரைவு அறிவிப்பு 2024 ஜூலையில ஆறாவது தடவையா வந்துச்சு. ஆறு தடவை வரைவு! நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு புரூஃப் பாக்க மாட்டோம்.

இன்னொரு விஷயம் உறுத்துது. 2012-ல யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையில 39 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. களக்காடு முண்டந்துறை இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை இருக்கு. நடை கிளம்பின நம்ம மாவட்டத்துச் சரணாலயம் அதுல இல்லை.

சரி, பட்டியல்ல இல்லேன்னா என்ன, 2008-லயே குமரிக் காடு வன உயிரினச் சரணாலயம் ஆயாச்சே, 400 சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கேன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா நம்ம ஊர்ல மலை ரெண்டு வகை. ஒண்ணு, கீரிப்பாறை, காளிகேசத்துக்கு மேல போற பெரிய மலை. அதுக்கு வனத்துறை இருக்கு, 1972 சட்டம் இருக்கு. இன்னொண்ணு, வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவுல தனியா எழும்பி நிக்கிற சின்ன மலைகள், பாறைக் குன்றுகள். ஊருக்குள்ள நாம தினமும் பாக்கிறது இதைத்தான். இதுல பலதுக்குக் காவலே கிடையாது. வருவாய்த்துறைக் கணக்குல இதெல்லாம் பாறை, கரடு, புறம்போக்கு. சிலது பட்டா நிலம். 1959-ம் வருஷத்துச் சிறு கனிம விதிகள்படி புறம்போக்கோ பட்டாவோ, குவாரிக்கு அனுமதி வாங்க வழி இருக்கு.

களியக்காவிளை ரோட்டுல ராத்திரி வண்டி ஓட்டினவங்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டாம். 'கனிமவள லாரி'ங்கிறது நம்ம மாவட்டத்துல தனிச் சொல்லாவே ஆயிடுச்சு. விழிஞ்ஞம் துறைமுகத்தோட அலைத்தடுப்புச் சுவருக்குத் தேவைப்பட்ட கல்லுல ஒரு பங்கு தமிழ்நாட்டுல இருந்துதான் போச்சு. ஒரு மாநிலத்துல மலையை உடைக்கிறதுக்குக் கட்டுப்பாடு கூடினா, எல்லைக்கு இந்தப் பக்கம் உடையும். 1987-ல நடந்தவங்க சொன்ன 'ஒரே மலை' இப்படியும் உண்மையாகுது.

இங்கதான் மதுரைக்குப் போயிட்டு வரணும். ஏன்னா இதே மாதிரி தனிக் குன்றுகள் உள்ள ஊர்ல வேற ஒண்ணு நடந்துச்சு.

ஒத்தக்கடை யானைமலையை மேலூர் ரோட்டுல போறவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. நிஜமாவே யானை படுத்திருக்கிற மாதிரி ஒரே பாறை. 2010-ல அதைச் செதுக்கிச் 'சிற்ப நகரம்' ஆக்கலாம்னு அரசுத் தரப்புல ஒரு திட்டம் வந்துச்சு. முதல்ல எதிர்த்தது அந்த மலையடிவாரத்து ஊர்க்காரங்க. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நகரத்துல இருந்து பேசுற நாம இதை மறந்துடுவோம். திட்டம் கைவிடப்பட்டுச்சு. அந்தச் சமயத்துல எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் மலையைப் பத்தி எழுத, படிச்சவங்க எங்களையும் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்க, 'பசுமை நடை' பிறந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பி ஒரு மலை. சமணப் படுக்கை, தமிழி எழுத்து, தீர்த்தங்கரர் சிற்பம்னு தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் மாதிரி ஆட்கள் அந்த இடத்துலயே நின்னு சொல்லுவாங்க. குழந்தைகளும் வருவாங்க. ஆபத்து போனதும் கலைஞ்சு போகாம, திரும்பத் திரும்ப நடந்தாங்க.

அதனால என்ன ஆச்சு? 2022 நவம்பர்ல அரிட்டாபட்டி தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆச்சு. ரெண்டே வருஷத்துல, 2024 நவம்பர்ல, அந்தப் பகுதியையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போச்சு. கிராமங்கள் எழுந்துச்சு. டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 நரசிங்கம்பட்டியில இருந்து மதுரைக்கு மக்கள் திரண்டு நடந்தே வந்தாங்க. ஜனவரி 23 ஏலம் ரத்து.

நடைக் குழுதான் அரிட்டாபட்டியைக் காப்பாத்துச்சுன்னு சொன்னா அது பொய். காப்பாத்தினது அங்க விவசாயம் பண்றவங்க. ஆனா ஏல அறிவிப்பு வந்த அன்னைக்கு, 'அரிட்டாபட்டியா, அது எங்க இருக்கு?'ன்னு மதுரைக்காரங்க கேக்கல. அந்தப் பாறை மேல ஏறினவங்க, அந்தக் கல்வெட்டு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டவங்க ஆயிரக்கணக்குல நகரத்துக்குள்ள இருந்தாங்க. அதனாலதான் எனக்கு 1987 நடையைவிட இந்த மாசாந்திர நடை மேல மதிப்பு அதிகம். அந்தப் பெரிய நடை ஒவ்வொரு ஊரையும் தாண்டிப் போச்சு. இவங்க திரும்பி வந்தாங்க.

வெளிநாட்டுலயும் இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. சுருக்கமா சொல்லிடறேன். 1932 ஏப்ரல் 24, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம். வாரம் முழுக்க ஆலையில கிடந்த தொழிலாளிகளுக்கு ஞாயித்துக்கிழமை மலை ஏறணும். மலையோ பிரபுக்கள் கையில. கௌதாரி மாதிரி ஒரு பறவையை வேட்டையாடுறதுக்காக மூடி வெச்சிருந்தாங்க. பெனி ராத்மேன்னு ஒரு பையன், வயசு 20. அவன் கூட்டத்தைச் சேர்த்துப் பேசின இடம் எது தெரியுமா? ஒரு கைவிட்ட கல்குவாரி. அங்க இருந்து சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மலைக்கு அத்துமீறி ஏறினாங்க. அஞ்சு பேருக்கு ஜெயில். 1949-ல தேசியப் பூங்காச் சட்டம் வந்துச்சு, 1951-ல அந்த மலையைச் சேர்த்துதான் நாட்டோட முதல் தேசியப் பூங்காவை அறிவிச்சாங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நமக்கு நடக்கத் தெரியாதா என்ன? சிவராத்திரிக்கு முஞ்சிறை திருமலையில ஆரம்பிச்சு திருநட்டாலம் வரைக்கும் 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல, 'கோவிந்தா கோபாலா'ன்னு கூப்பிட்டுக்கிட்டு, கையில பனையோலை விசிறியோட ஓடுற சிவாலய ஓட்டம் வேற எந்த மாவட்டத்துல இருக்கு? திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனைன்னு போற அந்த வழி நம்ம மலையடிவாரத்தையே தொட்டுப் போகுது. ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கான கண்ணு அதே வழியைப் பாக்குது. போன வருஷம் இருந்த குன்று இந்த வருஷம் பாதியா இருந்தா, அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அதை யாரும் எழுதி வெக்கிறதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் புது ட்ரெக்கிங். 2018-ல குரங்கணி காட்டுத்தீயில 20 பேருக்கு மேல செத்த பிறகு விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே வழிகாட்டியோட 40 பாதைகளைத் திறந்துச்சு, நம்ம மாவட்டப் பாதையும் அதுல உண்டு. நல்ல விஷயம், போயிட்டு வாங்க. ஆனா டிக்கெட் கொடுக்கிற மலைக்கு ஏற்கெனவே காவல் இருக்கு. ஆபத்துல இருக்கிற குன்றுக்கு டிக்கெட்டும் கிடையாது, போர்டும் கிடையாது.

சிதறால் மலையையே எடுத்துக்கோங்க. பழைய பேரு திருச்சாரணத்துமலை. சமணப் பள்ளியா இருந்து, பிறகு பகவதி கோயிலான பாறை. கல்வெட்டும் சிற்பமும் இருந்ததால தொல்லியல் துறை வந்துச்சு, அதனால இன்னைக்கும் நிக்குது. கல்வெட்டு இல்லாத குன்றுக்கு யாரு வருவா?

ஒரு வேலை சொல்றேன். தமிழ்நாடு அரசோட நில ஆவண இணையச் சேவையில 'அ-பதிவேடு' பாக்கலாம், காசு கிடையாது. நீங்க ஏறுற குன்றோட சர்வே நம்பரைப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்டு அதுல போட்டுப் பாருங்க. அது யார் பேருல இருக்கு, எந்த வகையில இருக்குன்னு வரும். அடுத்தது, மாவட்டத்துல எங்கெங்க கல், மண் எடுக்கலாம்னு தயாரிக்கிற 'மாவட்ட ஆய்வு அறிக்கை'. 2016 விதிப்படி அதோட வரைவை மாவட்ட இணையதளத்துல 21 நாள் மக்கள் கருத்துக்கு வெக்கணும். அந்த 21 நாள்ல எழுதுறவங்க, 'இந்தக் குன்றுல ஊத்து இருக்கு, மேல சுனை இருக்கு, இன்ன கோயிலுக்கு இதுதான் வழி'ன்னு நடந்து பாத்துத் தேதியோட எழுதினா அந்தக் கடுதாசிக்கு ஒரு கனம் உண்டு. மருந்துவாழ் மலைக்கு அடிக்கடி போற செட்டு ஒண்ணு உங்க வாட்ஸ்அப்ல கண்டிப்பா இருக்கும். அடுத்த ஞாயிறு பொற்றையடி போறதுக்குப் பதிலா, உங்க ஊர்ல பேர் இல்லாம நிக்கிற ஒரு குன்றுக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போங்க.