நம் பங்குப் பள்ளியின் ஏழு நாட்கள்



யூபிலி மலர் என்றால் கோயிலின் வரலாற்றுக்கு அதில் முதலிடம் தருவது வழக்கம். அடிக்கல் நாட்டியவர் யார், பீடத்தை மந்திரித்தவர் யார், மணியை உபகாரமாகக் கொடுத்த குடும்பம் எது என்றெல்லாம் எழுதுவோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் கோயிலுக்கு அருகிலேயே ஓட்டுக் கூரையின் கீழ் நம் தொடக்கப் பள்ளியும் நிற்கிறது. அதன் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அங்கு நடைபெறும் ஒரு வாரத்தை எடுத்து, ஒவ்வொரு நாளின் வழக்கமும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், திருச்சபையின் நானூற்றைம்பது ஆண்டுக் கல்விப் பணி முழுவதும் அந்த ஏழு நாளுக்குள் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பங்குப் பிள்ளைகளில் பலர் இன்று காலையில் ஆங்கிலவழிப் பள்ளிகளின் பேருந்தில் ஏறிச் செல்கிறார்கள். நம் பள்ளியின் பலகைகளில் ஆண்டுக்காண்டு இடம் காலியாகிறது. பள்ளியை மூடிவிட்டு அவ்விடத்தில் திருமண மண்டபம் கட்டினால் பங்குக்கு வருமானமாவது வரும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. முடிவு எதுவானாலும், எதை மூடப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

கிறிஸ்தவனுக்கு ஞாயிறே வாரத்தின் முதல் நாள். பள்ளிக்கு அன்று விடுமுறை. இருந்தும் நம் நாட்டில் கத்தோலிக்கப் பள்ளி ஞாயிறு மறையுரையிலும் ஞான உபதேசத்திலும்தான் பிறந்தது. 1542-ஆம் ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1544 சனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய மடலில் தம் வேலையை விவரிக்கிறார். மொழி தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்து செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். நாளுக்கு இரு வேளை கற்பித்தார். ஞாயிறன்று ஊரார் அனைவரையும் சேர்த்து அதே செபங்களைச் சொல்ல வைத்தார். கற்ற பிள்ளைகள் அதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. மாணவனே வீட்டின் ஆசிரியன் ஆன முறை அது.

அவருக்குப் பின் அரை நூற்றாண்டு அக்கரையில் உழைத்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. இது போர்த்துக்கலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் அடிகளார் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே வினா விடையாக எழுதிய நூலைத் தழுவியது. ஆக, தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று பிள்ளைகளுக்கான பாட நூல். நம் பாட்டன்மார் ஒப்பித்த சின்னக் குறிப்பிடமும், இன்று திருப்பலி முடிந்தபின் மரத்தடியில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பும் அதன் வழிவந்தவையே.

திங்கட்கிழமை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். செபம், தமிழ்த்தாய் வாழ்த்து, அன்றைய செய்தி, பின் வகுப்பில் பெயர் கூப்பிடுதல். பெயர் கூப்பிடும் அந்தப் பதிவேட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்னாளில் ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் அங்குள்ள முறை. வேதியர் நடத்திய கோயில் பள்ளிகளும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டதால் மதுரை மறைப்பணி தளர்ந்தது. 1838-இல் சபைக் குருக்கள் மீண்டும் வந்தார்கள். 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு மாறியது. 1854-இல் வெளியான வுட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகே சிற்றூர்ப் பள்ளிக்கும் ஆய்வாளர் வந்தார். வருகைப் பதிவேடும் உதவித்தொகையும் ஒன்றோடொன்று பிணைந்தன. இன்றும் நம் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் எத்தனை என்பதை அந்தப் பதிவேட்டிலுள்ள பெயர்களே தீர்மானிக்கின்றன. ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும்போது, இங்கே எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளையின் ஆசிரியரும் ஆட்டம் காண்கிறார்.

செவ்வாய் புனித அந்தோணியாரின் நாள். தாய்மார் பிள்ளைகளோடு கோயிலுக்கு வரும் நாள். அந்தத் தாய்மாரில் பலர் இதே பள்ளியில் எழுத்தறிந்தவர்கள். இது தானாக நடந்ததன்று. 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொனான் புதுச்சேரியில் கூட்டிய குருக்கள் மாமன்றம், கல்வியைப் பரப்புவதையும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி அமைப்பதையும் முக்கியமான கடமையாகக் கொண்டது. அவ்வாண்டு அக்டோபரிலேயே துய்ப்புய் அடிகளார், பெண் கல்விக்கென மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை நிறுவினார். பெண் பிள்ளை படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. 1858-இல் திருச்சியில் அன்னம்மாள் என்னும் பெண்மணி கைம்பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டமே புனித அன்னாள் சபையாக வளர்ந்தது. உலகம் ஒதுக்கி வைத்த கைம்பெண்ணைத் திருச்சபை ஆசிரியையாக்கியது என்பதை நம் பெண் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

வாரத்தின் நடுவே வரும் புதனன்று மதிய உணவைப் பற்றிப் பேசுவோம். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது பள்ளி நடத்திய எவருக்கும் தெரியும். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1956-இல் காமராசர் அதை மாநிலம் தழுவிய திட்டமாக்கினார். 1982 சூலை முதல் நாள் திருச்சியை அடுத்த பாப்பாகுறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. 2024 சூலை 15-ஆம் நாள், காமராசர் பிறந்த நாளன்று, அது ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைத் தொடங்கி வைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. முன் சொன்ன அன்னாளின் பெயர் தாங்கிய பள்ளியில் அந்த இலை விரிந்தது நமக்கு மகிழ்ச்சியே.

ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது எளிய காரியமாகத் தோன்றலாம். நம் திருச்சபைக்கே அது எளிதாக இருந்ததில்லை. 1872-இல் எழுந்த வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியார் தனித்தனியே நிற்க இரு பக்கங்களும், இடையே சுவரும் இருந்தன. 1910-இல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றும் சுவர் திரும்ப எழவில்லை. பள்ளிகளும் இந்நோய்க்கு விலக்காக இருந்தன என்று நாம் பெருமை பேச முடியாது. எனினும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரசி அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்ட பிள்ளைகளின் மனத்தில் அச்சுவரை எழுப்புவது கடினம். சாதி பார்த்தே தெரு அமைந்துள்ள ஊரில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் நாள்தோறும் சந்திக்கும் இடம் பள்ளி ஒன்றே.

வியாழனன்று ஒரு பாட வேளையில் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், மற்றப் பிள்ளைகள் நல்லொழுக்க வகுப்புக்கும் போகிறார்கள். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனம் சிறுபான்மையோர் கல்வி நிலையங்களை நடத்தும் உரிமையை 30-ஆம் பிரிவில் வழங்குகிறது. அதே சாசனம் 28-ஆம் பிரிவில், அரசு உதவிபெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் இசைவின்றி மத போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. இவ்விரண்டையும் மதித்து நடப்பதால்தான் இந்து, இசுலாமியப் பெற்றோர் நம்மை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, வறியவர்க்கும் குடும்ப அன்பு கிட்டாதவர்க்கும் விசுவாசம் பெறாதவர்க்கும் நம் பள்ளிகள் தனி அக்கறை காட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை, சிறப்பாக மாத முதல் வெள்ளி, பள்ளித் திருப்பலி. பீடத்துக்கு முன்னால் சிறு பிள்ளைகள் நற்கருணை வாங்குவதைக் கண்டு நாம் இன்று வியப்பதில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அது அரிய காட்சி. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு முன் பல நாடுகளில் புதுநன்மை கொடுப்பதில்லை. 1905-இல் புனித பத்தாம் பத்திநாதர் அடிக்கடி, நாள்தோறும்கூட, நற்கருணை உட்கொள்ள ஊக்கமளித்தார். 1910-இல் ஏறக்குறைய ஏழு வயதில், புத்தி விவரம் வந்ததும் அதைக் கொடுக்கலாம் என்று பணித்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆசிரியை புதுநன்மை தயாரிப்பு நடத்துவது அந்த ஆணையின் பயன். திருப்பலிக்குப் பின் உண்டியலில் விழும் சில்லறைக்கும் தோற்றம் உண்டு. 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஃபோர்பின் ஜான்சன் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஒரு மன்றாட்டும் மாதம் ஒரு சிறு காசும் தூரத்துப் பிள்ளைகளுக்காகத் தரும்படி கேட்டார். ஏழைப் பிள்ளையும் பிறருக்குக் கொடுக்க முடியும் என்பதை அந்தச் சில்லறை கற்றுக் கொடுக்கிறது.

சனிக்கிழமை பள்ளி நடந்தால், வாரத்தில் படித்ததை மறுபடி கேட்பது ஆசிரியர்களின் வழக்கம். 1599-இல் சேசு சபை வெளியிட்ட கல்வி ஒழுங்கு நூலிலேயே சனிக்கிழமை மறுபார்வைக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. மாலையில் மாதா சபைப் பிள்ளைகள் கூடி செபமாலை சொல்கிறார்கள். இச்சபை 1563-இல் உரோமைக் கல்லூரியில் ஜான் லியூனிஸ் என்னும் இளம் ஆசிரியர் தம் மாணவரைக் கூட்டியதில் பிறந்தது. செபம் முடிந்ததும் பிள்ளைகள் திடலில் பந்தாடுகிறார்கள். ஆட்டத்தையும் செபத்தையும் ஒன்றாக இணைத்தவர் துரின் நகரத் தொன் போஸ்கோ. அவர் மக்கள் 1906 சனவரியில் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தபோது அந்த வழக்கமும் தமிழ் மண்ணில் ஊன்றியது.

இவ்வாறு ஏழு நாட்களும் சேர்ந்தே நம் பங்கைப் பங்காக்கின. ஞாயிறு திருப்பலியில் பக்கத்துப் பலகையில் நிற்பவரை நாம் பெயர் சொல்லி அழைப்பது, பெரும்பாலும் பள்ளியில் அவரோடு படித்ததால்தான். இறப்பு வீட்டில் செபம் சொல்லும் பெண்மணி அதை இந்தப் பள்ளியில்தான் கற்றார்.

1977-இல் உரோமைக் கல்விப் பேராயம் ‘கத்தோலிக்கப் பள்ளி’ என்ற ஏட்டில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. திருச்சபை தன் கல்விப் பணியை முதன்மையாக ஏழைகளுக்கே அளிக்கிறது. நம் பள்ளிகள் வசதியுள்ளோரையே பெரிதும் நாடினால், சமுதாயத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை நாமே நிலைநிறுத்துவோம் என்பது அதன் பொருள். இதை நம் பங்கில் வைத்துப் பார்ப்போம். வசதியுள்ள குடும்பத்துக்கு வேறு பள்ளி கிடைக்கும். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு இந்த ஓட்டுக் கூரையை விட்டால் அருகில் நிழல் இல்லை. மண்டபத்தின் வாடகை நம் கணக்குப் புத்தகத்தில் ஏறும். அந்தப் பிள்ளையின் இழப்போ எந்தக் கணக்கிலும் ஏறாது.

பெற்றோர்க்கு ஆங்கிலத்தின் மேலுள்ள ஆசையை நாம் பழிக்கவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஏக்கமே அதன் வேர். ஆகவே நம் பள்ளியிலேயே ஆங்கிலத்தை நன்றாகக் கற்பிக்க ஏற்பாடு செய்வது பங்கின் கடமை. படித்து வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் தரலாம். முன்னாள் மாணவர்கள் கூரையைச் செப்பனிடலாம். பங்குப் பேரவையினர் தங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவரையாவது இங்கே சேர்த்தால், அந்தச் செயல் ஆயிரம் மறையுரைக்குச் சமம்.

சவேரியார் கையில் ஆட்டிய மணிதான் இன்று திங்கள் காலையில் நம் பள்ளி வாயிலில் ஒலிக்கிறது. யூபிலி ஆண்டில் அதைக் கேட்டு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகவும், கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களையும் அருட்சகோதரிகளையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிக்கவும் மன்றாடுகிறோம்.