நீண்ட இரவின் பூ

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கும் சதைப்பற்றுச் செடிகளில் பூவுக்காகவே வாங்கப்படுவது கலாஞ்சோ. நர்சரியிலிருந்து வரும்போது சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். அந்தப் பூ உதிர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் வெறும் இலையாகவே நிற்பதும் உண்டு. உரம் கூட்டியும் தொட்டி மாற்றியும் பயன் கிடைப்பதில்லை. இந்தச் செடிக்குப் பூக்கும் பருவத்தை அறிவிப்பது இரவின் நீளம். இதை மனிதர் அறிந்து, அந்த அறிவைக் கொண்டே ஒரு வணிகத்தை வளர்த்த கதை நூறாண்டுக்குள் அடங்கிவிடும்.

கலாஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா என்ற இந்த இனத்தின் தாயகம் மடகாஸ்கர். தீவின் வடபகுதியிலுள்ள சரத்தனனா மலையின் குளிர்ந்த உயரங்களில் அது இயல்பாக வளர்கிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆன்றி பெரியே த லா பாத்தி 1920களில் அதைக் கண்டு சேகரித்தார். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகர விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1934-இல் கார்ல் ஃபான் பெல்னிட்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, கண்டெடுத்தவரை விட்டு விற்றவரின் பெயரே செடிக்கு நிலைத்தது. அப்போது அதன் நிறம் ஒன்றே ஒன்று: நான்கு இதழ் கொண்ட சின்னஞ்சிறு செந்நிறப் பூ. ஜெர்மானியர் அதை 'ஃப்ளாமெண்டெஸ் கேட்ஷென்' என்றனர். 'தழலாடும் கேட்ஷென்' என்பது பொருள், கேட்ஷென் ஒரு பெண்பெயர்.

சரத்தனனா மலை பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 14 பாகையில் உள்ளது. ஆண்டு முழுவதும் அங்கே பகல் ஏறத்தாழ 11 மணிநேரத்துக்கும் 13 மணிநேரத்துக்கும் இடையில்தான் ஊசலாடும். போட்ஸ்டாமிலோ ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 17 மணிநேரம். டிசம்பர்ப் பகல் 8 மணிநேரம்கூட இல்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குள் வந்து சேர்ந்த செடி கோடை முழுவதும் இலை விட்டது. இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கிய பிறகே மொட்டுக்கு ஆயத்தமானது. குளிர்கால வெளிச்சம் மங்கலாக இருந்ததால் மொட்டு மெல்ல வளர்ந்து, பூ கிறிஸ்துமஸ் கழிந்தே விரிந்தது. பூந்தொட்டி வணிகருக்கோ கிறிஸ்துமஸ்தான் அறுவடைக் காலம்.

இந்தச் சிக்கலுக்கு விடை வேறொரு பயிரிலிருந்து ஏற்கெனவே கிடைத்திருந்தது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் இருவரும் 'மேரிலாந்து மாமத்' என்ற புகையிலையை ஆராய்ந்தனர். கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் வயலில் பூக்காத அந்தப் புகையிலை, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் பூத்தது. 1918 ஜூலையில் அவர்கள் சில தொட்டிகளை மாலைதோறும் இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து, காலையில் வெளியே எடுத்தார்கள். கோடையிலேயே புகையிலை பூத்தது. 1920-இல் வெளியான அவர்களது கட்டுரையால் ஒளிக்காலத்துவம் என்ற கருத்து தாவரவியலில் இடம்பெற்றது. குறைந்த பகலில் பூப்பவை குறும்பகல் தாவரங்கள் எனப்பட்டன. கலாஞ்சோ அந்த வகையைச் சேர்ந்ததே.

பின்னர் கலாஞ்சோவே ஆய்வுச் செடியானது. ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் ரிச்சர்ட் ஹார்டர் 1940களில் அதை விரிவாக ஆராய்ந்தார். அவர் செய்த சோதனைகளில் ஒன்று, ஒரே ஒரு இலைக்கு மட்டும் குறும்பகல் கொடுப்பது. செடியின் மற்ற இலைகளெல்லாம் நீண்ட பகலைக் கண்டுகொண்டிருக்க, அந்த ஓர் இலை மட்டும் மூடப்பட்டு நீண்ட இருளில் இருந்தது. அந்த இலைக்கு நேர் மேலே, தண்டின் அதே பக்கத்தில் பூ வந்தது. காலத்தை அளப்பது இலை, செய்தி மேலேறிச் செல்கிறது என்பது அதில் கண்ணெதிரே தெரிந்தது. இத்தகைய செய்திப் பொருளுக்கு சோவியத் அறிவியலாளர் சைலாக்யான் 1930களிலேயே 'ஃப்ளோரிஜென்' என்று பெயரிட்டிருந்தார். அது இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குச் செல்லும் ஒரு புரதம் என்பது 2007-இல்தான் உறுதிப்பட்டது.

'குறும்பகல்' என்ற பெயர் சற்றுப் பிசகானது என்பதும் இதற்கிடையே தெரியவந்தது. ஹாம்னர், பானர் இருவரும் 1938-இல் வெளியிட்ட ஆய்வில், நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கு எரித்தாலே குறும்பகல் தாவரம் பூக்காமல் போவதைக் காட்டினர். செடி எண்ணுவது இடையறாத இருளை. அந்த வெளிச்சத்தை உணரும் நிறமியான ஃபைட்டோகுரோம் 1959-இல் கண்டறியப்பட்டது.

கலாஞ்சோவின் குடும்பத்துக்கும் இரவுக்கும் உள்ள உறவில் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று வழங்கும் ரணகள்ளி, கலாஞ்சோவின் நெருங்கிய உறவு. தரங்கம்பாடிக்கு மொரேவியத் திருச்சபை ஊழியராக வந்து, பின்பு சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், அதன் இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கசப்பு. 1813-இல் அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயன் சங்க ஏட்டில் 1815-இல் வெளியானது. இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன என்பது பிற்காலத்தில் விளங்கியது. 1954-இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு கதைகளையும் இணைத்தது: கலாஞ்சோவில் பூக்கத் தூண்டும் அதே நீண்ட இரவுதான், இரவில் கரியமில வாயு சேர்க்கும் இந்த இயல்பையும் வலுப்படுத்துகிறது.

வணிகம் இந்த அறிவை நேரடியாகப் பயன்படுத்தியது. பண்ணைகளில் மாலை 5 மணிக்குக் கறுப்புத் துணி செடிகளின்மேல் இழுக்கப்படும். காலை 8 மணிக்கு விலக்கப்படும். பூக்க விடாமல் செடியை வளர்க்க வேண்டுமானால் நள்ளிரவில் விளக்கு எரியும். இவ்விரண்டையும் கொண்டு, நாள் குறித்துப் பூக்கவைக்க முடிந்ததால், குளிர்காலப் பூ ஆண்டு முழுவதும் விற்கும் பொருளானது. டென்மார்க்கும் நெதர்லாந்தும் அதன் பெரும் உற்பத்தி மையங்களாயின. கலப்பினங்கள் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களைத் தந்தன. 2000களில் சிறு ரோஜாபோல் அடுக்கிதழ் கொண்ட 'கலாண்டிவா' வகைகள் சந்தைக்கு வந்தன.

வீட்டில் பூக்கவைக்கும் முறை இதன் எளிய வடிவமே. பூத்து முடிந்த காம்புகளை நறுக்கிவிட்டு, செடியைச் சில மாதம் நல்ல வெளிச்சத்தில் வளரவிட வேண்டும். பின்னர் ஏறத்தாழ ஆறு வாரம், நாள்தோறும் மாலையில் அட்டைப்பெட்டியால் மூடி 14 மணிநேரம் இருளில் வைத்து, பகலில் சன்னலோரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்நாட்களில் மண் காய்ந்த பிறகே நீர் விடுவது நல்லது. மொட்டுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் பெட்டி தேவையில்லை. மூடத் தொடங்கியதிலிருந்து பூ விரிய மூன்று மாதம்வரை ஆகலாம். இரவு வெப்பம் 24 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் இன்னும் தள்ளிப்போகும்.

சென்னை, பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில், ஏறத்தாழ சரத்தனனாவின் தொலைவிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கு இரவு இயல்பாகவே 12 மணிநேரத்தைத் தாண்டிவிடும், வெப்பமும் தணியும். அந்த மாதங்களில் பால்கனியில் தெருவிளக்கு படாத மூலையில் வைத்தால் செடி பெட்டியின்றியே மொட்டு விடக்கூடும். இரவு பதினொரு மணிவரை குழல்விளக்கு எரியும் கூடத்தில் வைத்த செடிக்கு மட்டும் பெட்டி வேண்டும்.