தூக்கத்திலேயே உயிரிழக்கும் கைக்குழந்தைகள்: காரணம் தாய்ப்பாலா, தடுப்பூசியா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிய கைக்குழந்தை காலையில் அசைவில்லாமல் கிடக்கிறது. காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டக் கிராமமோ சென்னையோ, இப்படி ஒரு மரணம் நடந்தால் உடனே கிளம்பும் பேச்சு இரண்டுதான். "பால் புரையேறிடுச்சு", "ஊசி போட்டதாலதான்". இரண்டிலும் பழி சுமப்பது பெரும்பாலும் தாய்தான். உண்மையில் நடப்பது என்ன?

சிட்ஸ் என்றால் என்ன?

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூக்கத்தில் திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு என எல்லாவற்றையும் பார்த்த பிறகும் காரணம் தெரியவில்லை என்றால், அதுதான் 'திடீர் சிசு மரண நோய்க்குறி'. சுருக்கமாக சிட்ஸ். 2 முதல் 4 மாதக் குழந்தைகளிடம் இது அதிகம். சுமார் 90 சதவீத மரணங்கள் 6 மாதத்துக்குள் நடக்கின்றன.

காரணம் என்ன?

ஒற்றைக் காரணம் இல்லை. மூன்று விஷயங்கள் ஒன்றுசேரும்போது ஆபத்து என்கிறது 1994-ல் முன்வைக்கப்பட்ட கோட்பாடு.

1. குழந்தையிடம் வெளியே தெரியாத பலவீனம். சில குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் மூச்சையும் விழிப்பையும் கட்டுப்படுத்தும் செரோடோனின் அமைப்பில் குறைபாடு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.
2. வேகமாக வளரும் முதல் 6 மாதங்கள்.
3. வெளிச்சூழல். குப்புறப் படுப்பது, முகத்தை மூடும் துணி, அதிக வெப்பம், சிகரெட் புகை.

மூச்சு தடைபட்டால் மற்ற குழந்தை விழித்து அழும். இந்தக் குழந்தை விழிப்பதில்லை. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

தடுப்பூசிக்குத் தொடர்பு உண்டா?

இல்லை. தமிழகத்தில் பென்டாவேலன்ட் தடுப்பூசி 2011 டிசம்பரில் அறிமுகமானது. இது 6, 10, 14-வது வாரங்களில் போடப்படுகிறது. சிட்ஸ் அதிகம் நிகழும் வயதும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் இரண்டும் அடுத்தடுத்து நடந்தால் ஊசி மேல் சந்தேகம் விழுகிறது. ஆனால் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் சிட்ஸ் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்ப்பாலும் ஆபத்தைக் குறைக்கிறது.

மல்லாக்கப் படுக்க வைத்தால் புரையேறாதா?

பலருக்கும் உள்ள பயம் இது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். அமெரிக்காவில் 1994-ல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சிட்ஸ் மரணங்கள் பாதியாகக் குறைந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பகலோ இரவோ, மல்லாக்கப் படுக்க வையுங்கள்.
* சமமான, கெட்டியான விரிப்பு போதும். தலையணை, பொம்மை, தடித்த போர்வை வேண்டாம்.
* புதுக்கோட்டை வெயிலில் குல்லா, காலுறை போட்டு இறுக்கிச் சுற்ற வேண்டாம். மார்பு, கழுத்து வியர்த்தால் துணியைக் குறையுங்கள்.
* தூளியில் தாடை நெஞ்சில் முட்டினாலோ, துணி முகத்தில் ஒட்டினாலோ மூச்சு அடைபடலாம். தூங்கியதும் கீழே படுக்க வைப்பது நல்லது.
* ஒரே அறையில், பக்கத்தில் தனி விரிப்பில் படுக்க வையுங்கள். பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர் அருகே வேண்டாம்.

பிரேதப் பரிசோதனை ஏன் அவசியம்?

குழந்தை மூச்சில்லாமல் இருந்தால் உடனே 108-க்கு அழையுங்கள். மரணம் உறுதியானால், "பச்ச புள்ளைய அறுக்க வேணாம்" என்று உறவினர்கள் மறுப்பதுண்டு. ஆனால் பரிசோதனை இல்லாமல் அது சிட்ஸா, இதயக் கோளாறா, தொற்றா என்று சொல்ல முடியாது. சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் பரம்பரை வளர்சிதை மாற்றக் கோளாறுக்கும் வாய்ப்பு அதிகம். அது தெரிந்தால் அடுத்த குழந்தையைக் காப்பாற்ற வழி பிறக்கும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது.

எல்லாக் கவனத்தையும் எடுத்த வீட்டிலும் சிட்ஸ் நடக்கலாம். ஆபத்தைக் குறைக்க முடியும், முழுவதும் தடுக்க முடியாது. அதனால் குழந்தையை இழந்த தாயிடம் "நீ என்ன பண்ணே?" என்று கேட்பதில் எந்த நியாயமும் இல்லை.