கிளிஞ்சல் சுண்ணாம்பு வீடு

போன வாரம் என் மச்சான் போன் பண்ணான். "மாமா, திருவொற்றியூர்ல பழைய வீடு ஒண்ணு விலைக்கு வருது. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துடுங்க." நாத்து நட்டு முடிஞ்ச நேரம். மீஞ்சூர்ல ரயில் ஏறிப் போனேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. திண்ணை, முற்றம், மரத்தூண். பத்திரமெல்லாம் சரியா இருந்துச்சு. ஆனா பின்கட்டு ரூம்ல ஒழுகின கறை. கூட வந்த மேஸ்திரி, "இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுடலாம்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார். மச்சானும் தலையாட்டினான்.

நான் அண்ணாந்து பாத்தேன். நம்ம ஊர் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களுக்கு நடுவுல மெல்லிசான செங்கலைக் குறுக்குச் சாய்வா நிறுத்தி வெச்சு, சுண்ணாம்புக் கலவைல பிடிக்க வெச்சிருப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க. மேல தட்டோடு.

அந்தச் சுண்ணாம்பு வந்தது எங்க பக்கத்துல இருந்துதான். எண்ணூர், பழவேற்காடு கழிமுகத்துல கிளிஞ்சல் வாரி, காளவாய்ல சுடுவாங்க. பட்டணத்துக்குக் கொண்டு போக வழி கால்வாய். 1806ல பேசில் காக்ரேன்ங்கற வெள்ளைக்காரர் எண்ணூர் வரைக்கும் 11 மைல் வெட்டினது. பின்னாடி பழவேற்காடு தாண்டியும் நீண்டு, 1878ல பக்கிங்ஹாம் கால்வாய்னு பேர் ஆச்சு. உப்பு, விறகு, கிளிஞ்சல் எல்லாம் படகுல போச்சு. எங்க தாத்தா வைக்கோல் ஏத்திட்டுப் போவாராம்.

மாடிக்கு ஏறினப்பதான் விஷயம் புரிஞ்சுது. யாரோ தட்டோட்டு மேல சிமெண்ட் பூசியிருக்காங்க. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி, வெளிய விட்டுடும். சிமெண்ட் அதை உள்ளயே அடைச்சிடும். கடல்காத்து உப்பும் சேந்தா செங்கல் பொரிஞ்சு கொட்டும், மரமும் உளுக்கும். வீடு கிழடாகி ஒழுகல, தப்பான வைத்தியத்தால ஒழுகுது.

"ராயபுரம் ஸ்டேஷனைப் பாரு. 1856ல, சிமெண்ட் புழங்காத காலத்துல கட்டினது. 2005ல புதுப்பிச்சாங்க, இன்னும் நிக்குது"ன்னேன். "சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்க மாமா இருக்கான்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. முகத்துவாரத்துல இப்போ அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு கிடக்கு. கால்வாய்ல ஓடறது சாக்கடை. கிளிஞ்சல் வாரினவங்க பிள்ளைங்க வேற வேலைக்குப் போயிட்டாங்க.

ஆனாலும் ஒரு வயசான கொத்தனாரை விசாரிச்சுப் பிடிச்சோம். முதல்ல ஒரு ரூம் மேல சிமெண்டைக் கொத்தி எடுத்துட்டு, ஒரு மழை பாக்கலாம்னார். மச்சான் அந்தக் கூலியை விலைல கழிச்சுப் பேசிட்டு இருக்கான்.

நீங்களும் பழைய வீடு வாங்கப் போனா, வக்கீலோட ஒரு சுண்ணாம்புக் கொத்தனாரையும் கூட்டிட்டுப் போங்க. பத்திரம் வீடு யாருதுன்னுதான் சொல்லும், அதுக்கு என்ன நோவுன்னு அவர்தான் சொல்வார்.